ஒக்டோபரில் செய்ய வேண்டிய வேலை

குளிர்நாட்டில் தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டது என்று கேள்விப்பட்டால், உள்ளே உறைந்த தண்ணீர் பருத்துக் குழாயைப் பிளந்திருக்கும் என்றே நமக்குத் தோன்றும். பெரும்பாலும் நடப்பது வேறு. தண்ணீர் உறையும்போது நூற்றுக்கு ஏறத்தாழ 9 பங்கு பருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் குழாய்க்குள் உண்டாகும் பனிக்கட்டி முதலில் வழியை அடைக்கிறது. அதற்கு அப்பால் இறுக மூடிய திருகு. அடைப்புக்கும் திருகுக்கும் நடுவே இன்னும் உறையாத கொஞ்சம் தண்ணீர் அகப்பட்டுக்கொள்கிறது. பனிக்கட்டி வளர வளர அந்தத் தண்ணீர் நெருக்குண்டு, ஒதுங்க இடமில்லாமல், பலவீனமான மூட்டைத் தேடிப் பிளக்கிறது. பனிக்கட்டி ஓரிடத்தில் இருக்கும், பிளவு வேறோரிடத்தில் இருக்கும். 1990களில் அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் வீட்டுக் குழாய்களை உறையவைத்துப் பார்த்த ஆய்வு இதைக் காட்டியது. கடுங்குளிர் இரவுகளில் அங்குள்ளவர்கள் திருகை இலேசாகத் திறந்து, சொட்டுச் சொட்டாக ஒழுகவிடுவது இதனால்தான். ஓடும் தண்ணீர் எளிதில் உறையாது என்பது ஒரு காரணம். அழுத்தம் வெளியேற ஒரு வாய் திறந்திருக்கிறது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

அகப்பட்ட தண்ணீரின் பலத்தை மனிதர்கள் வேடிக்கையாகவும் சோதித்திருக்கிறார்கள். 1780களில் கனடாவின் கியூபெக்கில் வில்லியம்ஸ் என்ற பீரங்கிப்படை அதிகாரி, உள்ளீடற்ற இரும்புக் குண்டுகளில் தண்ணீர் நிரப்பி, வாயை இரும்பு அடைப்பானால் இறுக்கி, குளிர்கால இரவில் வெளியே வைத்தார். ஒரு குண்டின் அடைப்பான் 400 அடிக்கும் அப்பால் போய் விழுந்தது. இன்னொன்றில் அடைப்பான் அசையவில்லை, குண்டே பிளந்துபோனது. போருக்கென்று வார்த்த இரும்பைத் தண்ணீர் உடைத்திருக்கிறது.

என் தம்பி கனடாவின் ஒன்டாரியோவில் இருக்கிறான். கண்டிக்கு அருகே ஹந்தானை மலையில் பிறந்து, பீலித் தண்ணீரில் குளித்து வளர்ந்தவன். அங்கே அவனும் நண்பர்களும் சேர்ந்து ஒரு கேரவன் வாங்கியிருக்கிறார்கள். வாகனத்தின் பின்னால் பூட்டி இழுத்துப் போகும் சின்ன வீடு அது. கட்டில், குசினி, குளியலறை, சுடுதண்ணீர்த் தாங்கி எல்லாம் உண்டு. கோடையில் ஏரிக்கரைகளில் கொண்டுபோய் நிறுத்திப் பிள்ளைகளோடு தங்குகிறார்கள். சாதாரண வீட்டின் குழாய்கள் சுவருக்குள்ளும் நிலத்துக்கடியிலும் ஓடுவதால் வீட்டின் சூடு அவற்றைக் காக்கும். கேரவனின் குழாய்களோ மெல்லிய தகட்டுக்கு அடியில், காற்றுப் புகும் இடத்தில் கிடக்கின்றன. குளிர் முதலில் தொடுவது அவற்றைத்தான்.

ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபரில் அவன் அந்தக் கேரவனைக் குளிருக்குத் தயார் செய்கிறான். தொலைபேசியை ஓரிடத்தில் சாய்த்துவைத்து, வேலை செய்தபடியே எனக்குக் காட்டுவான். முதலில் நல்ல தண்ணீர்த் தாங்கியையும் கழிவுத் தாங்கிகளையும் வெறுமையாக்குகிறான். சுடுதண்ணீர்த் தாங்கியின் அடிமூடியைக் கழற்றி, ஆறிய தண்ணீரை வடியவிட்டு, இனித் தண்ணீர் அதற்குள் போகாமல் சுற்றுவழியில் திருப்புகிறான். பிறகு உறையாத் திரவம் ஒன்றைப் பம்பின் வழியே குழாய்களுக்குள் செலுத்துகிறான். இளஞ்சிவப்பாக இருக்கும் அது புரோப்பலீன் கிளைக்கோல் கலந்த திரவம். வாகன ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கோல் நஞ்சு, குடிநீர்க் குழாய்க்குள் அது போகவே கூடாது. ஒவ்வொரு திருகாகத் திறந்து, இளஞ்சிவப்பு வரும்வரை பார்த்து மூடுகிறான். குசினித் தொட்டிக்கும் குளியலறைக்கும் அடியில் வளைந்து கிடக்கும் குழாயில் எப்போதும் ஒரு குவளைத் தண்ணீர் தேங்கியிருக்கும். அதற்குள்ளும் கொஞ்சம் ஊற்றுகிறான். கடைசியாக, கால் கழுவுவதற்காக வெளிப்புறச் சுவரில் வைத்திருக்கும் சின்னப் பூவாளிக் குழாய். அநேகமானவர்கள் மறந்துபோவது அதைத்தானாம். பெரிய குழாய்களையெல்லாம் காப்பாற்றிவிட்டு, கோடையில் எப்போதாவது தொட்ட அந்தத் துண்டுக் குழாயால் தரைப்பலகையையே இழந்தவர்கள் உண்டு.

"ஒறைஞ்ச பொறகு ஒன்னும் செய்ய ஏலாதுக்கா," என்றான் ஒருமுறை. "ஜனவரியில வந்து பாத்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும். வெடிச்சிருந்தாலும் தெரியாது. ஐஸே அடைச்சிக்கிட்டு நிக்கும். ஏப்ரல் மே மாசத்துல பம்பைப் போடுவோம் பாருங்க, அப்பத்தான் சொவத்துக்குள்ள இருந்து ஊத்தும்."

நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்தப் பேச்சுக்காகத்தான். குழாய் பிளந்தது ஜனவரி இரவொன்றில். கண்ணுக்குத் தெரிவது வெயில் திரும்பிய பின்னால். தடுத்திருக்க வேண்டியதோ அதற்கும் முன்னால், ஒக்டோபரில். மரங்கள் சிவந்து, வானம் தெளிந்து, இன்னும் ஒருவாரம் ஏரிக்கரையில் இருக்கலாமே என்று மனம் கெஞ்சும் நாட்களில். தடுக்கும் பருவம், கேடு நடக்கும் பருவம், கேடு தெரியும் பருவம் என்று மூன்றும் மூன்று இடத்தில் நிற்கின்றன. நம்முடைய துன்பங்களில் பெரும்பகுதி இந்த இடைவெளிக்குள்தான் பிறக்கிறது என்று நான் நம்புகிறேன்.

ஹந்தானையில் குழாய் உறையாது. இங்கிருந்து மேலே, ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில்கூடக் குழாய்க்குப் பயமில்லை. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் முகிலும் காற்றும் இல்லாத இரவுகளில் அங்கே துகள் உறைபனி விழும். பள்ளங்களில் குளிர்காற்று தேங்கி, தேயிலைக் கொழுந்தின் மேல் உப்புத் தூவியதுபோல வெண்மையாகப் படியும். விடிந்தவுடன் பார்க்க அழகாகத்தான் இருக்கும். வெயில் ஏறிய பிறகு கொழுந்து கருகித் தெரியும், பிறகு அந்த மலையில் சில வாரங்களுக்குப் பறிக்க எதுவும் இருக்காது. அங்கும் கேடு நடந்த நேரம் ஒன்று, தெரியும் நேரம் வேறொன்று.

எங்களுடைய கேடு தண்ணீர் இல்லாமல் போவது. ஒன்டாரியோவில் குழாய் உறைகிற அதே மாதங்களில் ஹந்தானையில் குழாய் வறள்கிறது. கண்டிக்கு ஒக்டோபரும் நவம்பரும் மழை கொட்டும் மாதங்கள். ஜனவரி பிறந்ததும் மழை குறையும், பெப்ரவரியில் மலை காய்ந்து நிற்கும். மார்ச் கடைசியில் இடிமழை வரும்வரை வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மலையகத் தோட்டங்கள் பலவற்றில், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு வரும் தண்ணீர் மேலேயுள்ள ஊற்றிலிருந்து வருவதுதான். ஊற்றடியில் ஒரு சின்னத் தடுப்பு, அதிலிருந்து கறுப்புக் குழாய், நடுவில் ஒரு சீமெந்துத் தாங்கி, அங்கிருந்து லயத்துக்கு. மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. மலைச்சரிவே தண்ணீரை இறக்கிக் கொடுக்கிறது. மிக நல்ல ஏற்பாடு அது. ஆனால் அந்தக் குழாய் முழுநீளமும் திறந்த மலையில் கிடக்கிறது.

மழைக்காலத்தில் அதற்கு ஒன்றும் ஆகாததுபோலவே இருக்கும். இலையும் சேறும் தடுப்பின் வாயை அடைத்துக்கொண்டு வரும், ஆனாலும் தண்ணீர் மிகுதியாக இருப்பதால் லயத்தில் வாளி நிறையும். பன்றி கிளறி ஒரு மூட்டை இளக்கியிருக்கும், அதுவும் தெரியாது. ஒழுகிப் போனது போக மிஞ்சியதே போதுமாக இருக்கும். ஊற்று சுருங்கும் பெப்ரவரியில்தான் அந்த அடைப்பும் ஒழுகலும் ஒன்றாக வெளிப்படும். அப்போது குழாயின் மேட்டுப் பகுதிகளில் காற்றும் அகப்பட்டுக்கொள்ளும். தடுப்பில் தண்ணீர் இருந்தும் லயத்துக்கு இறங்காது. இவை எல்லாவற்றுக்கும் மேலே தீ. ஹந்தானையின் மானாப்புல் சரிவுகள் வறட்சியில் அடிக்கடி தீப்பற்றும். புல்லுக்குள் கிடக்கும் குழாய்க்கு நெருப்பு என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. அங்கே குளிர் உடைக்கிறது, இங்கே தீ உருக்குகிறது. ஒரு வாளிக்காக வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கொழுந்து எடுத்து, நிறுத்துக்கொடுத்து, களைத்து வந்த பிறகு நிற்கிறார்கள். உடைந்த குழாயின் விலையை அவர்களுடைய மாலைப்பொழுதுகள்தான் கட்டுகின்றன.

குழாயைப் பின்தொடர்ந்து மேலே நடந்தால் அது ஊற்றோடு முடிந்துவிடாது. ஊற்றுக்கு மேலே இருக்கும் மரங்களும், மரங்களுக்கடியில் ஊறிக்கிடக்கும் மண்ணும் அந்தக் குழாயின் பகுதிதான். மழையை உறிஞ்சி வைத்து, மழையில்லாத மாதங்களில் துளித்துளியாக விடுவது அந்த மண். 1830களிலும் 40களிலும் கோப்பிக்காகக் கண்டியைச் சுற்றிய மலைக்காடுகளை வெட்டிச் சாய்த்தார்கள். 1869இல் இலைத்துரு நோய் கண்டது, அதன்பின் படிப்படியாகக் கோப்பி அழிந்தது. அதே சரிவுகளில் தேயிலை ஏறியது. காட்டை வெட்டியவர்கள் போய்விட்டார்கள். ஊற்று மெலிந்ததை அறிந்தவர்கள் அவர்களுக்குப் பின் வந்தவர்கள். 1925இல் கட்டிய ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலை இன்று தேயிலை நூதனசாலையாக நிற்கிறது. அங்கே வரும் வெளிநாட்டவர்கள் பழைய உருளைகளையும் உலர்த்திகளையும் படம் எடுக்கிறார்கள். அந்த மாடியில் நின்று சரிவைப் பார்க்கும்போது எனக்கு இயந்திரங்களைவிட மண்தான் கண்ணில் படுகிறது. எத்தனை மழை அதைக் கழுவிக்கொண்டு மகாவலிக்குப் போயிருக்கும்!

நேர்மாறான உதாரணமும் இதே கண்டியில் இருக்கிறது. வாவிக்குத் தெற்கே, ஹந்தானைப் பக்கமாக, துனுமடலாவக் காடு. அது ஆதிக்காடு இல்லை. ஒரு காலத்தில் கோப்பியும் தேயிலையும் நின்ற தோட்டம். நகரத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று அந்த நிலத்தை நீரேந்து நிலமாக விட்டுவைத்தார்கள். பயிர் போய் மரங்கள் தாமாக எழுந்தன. உள்ளே இருக்கும் இரண்டு நீர்த்தேக்கங்கள் கண்டி நகரத்துக்குத் தண்ணீர் கொடுத்திருக்கின்றன. அந்த முடிவை எடுத்தவர்கள் அந்த மரங்களின் நிழலில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். நகரத்தில் இன்று திருகைத் திறக்கிறவர்களுக்கு அவர்களுடைய பெயர் தெரியாது. தெரியாமலே பயன்படுகிறது. அதைவிடச் சிறந்த பொதுப்பணி எதுவும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. 2010இல் ஹந்தானை மலைத்தொடரும் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டது. நல்ல முடிவுதான். அறிவித்தலோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான் ஆபத்து. வறட்சியில் தீ அந்த எல்லைக்குள்ளும் ஏறுகிறது.

வருமுன் காக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்காத பள்ளிக்கூடம் இல்லை. பிறகு ஏன் நம்மால் முடிவதில்லை? அறியாமை என்று சொல்லிவிட முடியாது. பெப்ரவரியில் ஊற்று சுருங்கும் என்பது லயத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒக்டோபரில் அதை உடம்பு நம்ப மறுக்கிறது. கூரையில் மழை கொட்டும்போது, தடுப்பு நிறைந்து வழியும்போது, தண்ணீருக்குத் தவிக்கும் ஒரு நாள் வரும் என்பது தெரிந்த செய்தியாக மட்டும் இருக்கிறது, கவலையாக மாறுவதில்லை. இன்றைய வானிலையே என்றைக்கும் இருக்கும் என்று நம்பும் குணம் மனிதனுக்கு ஆழமாக இருக்கிறது. தம்பியும் அப்படித்தான் சொல்கிறான், வெயில் அடிக்கும் நாளில் குழாயை வெறுமையாக்கப் போவதற்கு மனதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறதாம்.

இன்னொரு காரணமும் உண்டு. காத்த வேலை கண்ணுக்குத் தெரியாது. வெடிக்காத குழாய் செய்தியாவதில்லை. மழைக்காலத்தில் மேலே ஏறித் தடுப்பைத் துப்பரவாக்கிவிட்டு வந்தவருக்கு, பெப்ரவரியில் வாளி நிறைக்கும் யாரும் நன்றி சொல்வதில்லை. குழாய் உடைந்து, லயமே திரண்டு நிற்கும்போது வந்து ஒட்டிக்கொடுப்பவருக்குத்தான் பாராட்டு. தோட்டத்திலும் நகரசபையிலும் நாட்டிலும் இதுவே வழக்கம். விபத்துக்குப் பின் ஓடிவருபவரைப் படம் எடுத்துப் போடுகிறோம். விபத்தை நடக்கவிடாதவருக்கு அந்த நாள் கூலியைக்கூட ஒழுங்காகக் கொடுப்பதில்லை.

ஆனால் முன்கூட்டி அறிவது மட்டும் போதுமா? இந்த இடத்தில் நான் மறுபடியும் அந்த அகப்பட்ட தண்ணீரை நினைக்கிறேன். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது. போங்கள் என்று சொன்னார்கள். எங்கே போவது? லயத்துக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம், அடி நிலம் அரசுக்குச் சொந்தம், குத்தகை கம்பனியிடம். பரம்பரை பரம்பரையாக உழைத்த மலையில் சொந்தமென்று ஒரு துண்டு நிலம் இல்லாதவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு எந்தத் திசையில் நடப்பார்கள்? மேலே அசையத் தொடங்கிய மலை, கீழே அடைத்துக் கிடக்கும் வழி. நடுவில் அவர்கள் இருந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது கண்டி மாவட்டத்திலும் மலைகள் சரிந்தன. மறுபடியும் அதே கேள்வி எழுந்தது.

அதனால் எனக்குப் புரிவது இது. காப்பதற்கு இரண்டு வேண்டும். கேடு இன்னும் வராத நல்ல நாளில் தொடங்க வேண்டும், நெருக்கடி வரும்போது வெளியேற ஒரு வழியும் திறந்திருக்க வேண்டும். முதலாவதை மட்டும் செய்துவிட்டு இரண்டாவதைச் செய்யாதவர்கள், எச்சரித்தோம், கேட்கவில்லை என்று பிறகு சொல்கிறார்கள். குழாயைத் தடித்ததாக வார்ப்பதால் அது பிழைப்பதில்லை. வில்லியம்ஸின் இரும்புக் குண்டைவிடத் தடித்த குழாயை யாரும் வார்க்கப் போவதில்லை. உள்ளே அகப்பட்டதற்குப் போக இடம் இருந்தால் மெல்லிய பிளாஸ்டிக் குழாயும் குளிர்காலத்தைத் தாண்டிவிடும். மனிதர்களிடமும் இதுவே நடக்கிறது. சகித்துக்கொள், பலமாக இரு, பொறுமையாக இரு என்று மலையகத்து மக்களுக்கு இருநூறு ஆண்டுகளாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அவர்கள் பலமாகத்தான் இருந்தார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது நகர்ந்து போகக்கூடிய நிலம், தங்கள் பெயரில் ஒரு வீட்டு உறுதி, குறையைச் சொன்னால் கேட்கும் ஒரு காரியாலயம்.

கேரவன் வைத்திருக்கும் வசதி மலையகத்தில் யாருக்கும் இல்லை. ஆனால் அதை வைத்திருப்பவர்களின் ஒக்டோபர் ஒழுக்கம் நமக்கும் வேண்டும். அவர்கள் வெறுமையாக்குகிறார்கள், நாம் சேமிக்க வேண்டும். வேலை எதிரானது, காலம் ஒன்றுதான்.

ஹந்தானையிலும் அதைப் போன்ற மலைகளிலும் இருக்கும் தோட்டத் தலைவர்களிடமும் இளைஞர் கழகங்களிடமும் கோயில் கமிட்டிகளிடமும் நான் கேட்பது இதுதான். அடுத்த ஒக்டோபரில் மழைவிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குழாய் நாளாக வையுங்கள். லயத்திலிருந்து ஊற்றுவரை குழாயோடு சேர்ந்து நடங்கள். தடுப்பில் கிடக்கும் சேற்றை அள்ளுங்கள், மூட்டுகளை இறுக்குங்கள். புல் மண்டிய இடங்களில் குழாயை மண்ணுக்குள் புதையுங்கள், இருபுறமும் புல்லை வெட்டித் தீக்கு இடைவெளி விடுங்கள். மேட்டுப் பகுதிகளில் காற்றை வெளியேற்ற ஒரு சிறு திருகு வையுங்கள். ஊற்றுக்கு மேலே ஒரு மரத்தையும் வெட்ட விடாதீர்கள். வெறும் நிலமாக இருந்தால் அந்த மழையிலேயே நமது நாட்டு மரங்களை நடுங்கள். ஆண்டு முழுவதும் அந்தக் குழாயைப் பார்த்துக்கொள்ளும் மனிதருக்கு, அது ஓடும் மாதங்களுக்கும் சேர்த்து ஒரு கூலி நிர்ணயித்துக் கொடுங்கள். அன்றைக்கே பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதமும் எழுதுங்கள். எங்கள் லயத்துக்கு மேலேயுள்ள சரிவு ஆபத்தானதா, ஆபத்தானதென்றால் நாங்கள் போக வேண்டிய இடம் எது, அந்த இடம் எப்போது எங்கள் பெயருக்கு வரும் என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை விடாதீர்கள்.